துருவின் மேல் பூசிய மெருகு

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னரும் ஓர் இளைஞர் மட்டும் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். நம்மிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். அவருடைய விரல் நுனிகள் தேய்ந்து வெளுத்திருந்தன. நகக்கண்களில் வெள்ளை மாவு போல ஏதோ படிந்திருந்தது. பழைய கார்களை வாங்கி விற்கும் கடை ஒன்றில், கார்களுக்குக் கையாலேயே பாலிஷ் போடும் வேலை தமக்கு என்றார். பிறகு நம் முகத்தைப் பாராமலே கேட்டார்:

"ஹஜ்ரத், என் சம்பளம் ஹலாலா?"

கார் தேய்ப்பதில் ஹராம் எங்கிருந்து வந்தது என்று நமக்கு வியப்பாக இருந்தது. அவர் விவரத்தைச் சொன்னார்.

2023 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கார், மலிவு விலைக்கு அவருடைய கடைக்கு வந்தது. இருக்கைகளைக் கழற்றி வெயிலில் காய வைத்தார்கள். ஓடாத பாகங்களை ஓட வைத்தார்கள். உள்ளே வாசனைத் திரவியம் தெளித்தார்கள். கடைசியாகப் பாலிஷ் போட இவரிடம் வந்தது. வண்டியைத் துடைக்கும்போது இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்த்தார். அதன் அடிப்பகுதியில், வெள்ளம் நின்ற மட்டத்தைக் காட்டும் சேற்றுக்கோடு தெளிவாக இருந்தது. முதலாளியிடம் காட்டினார். "அதையும் கழுவிடு தம்பி" என்றார் முதலாளி. கழுவினார். மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்தார். வண்டி புதிது போல் ஜொலித்தது.

ஒரு குடும்பம் வாங்க வந்தது. கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். அந்த அம்மா கதவின் மீது உள்ளங்கையை வைத்து, "கண்ணாடி மாதிரி இருக்கே!" என்றாராம். அன்று மாலையே விலை முடிந்தது.

"அவங்க கை வச்ச இடம் நான் தேய்ச்ச இடம், ஹஜ்ரத். அன்னையிலேர்ந்து சம்பளக் கவரைத் தொட்டாலே கை கூசுது" என்றார் இளைஞர்.

இந்தக் கேள்விக்கு நாம் உடனே பதில் சொல்லவில்லை. அதன் காரணத்தை வாசகர்களிடம் மறைப்பது முறையாகாது. அந்தக் கடையின் உரிமையாளர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர். ரமளானில் நோன்புக் கஞ்சிக்குத் தாராளமாகக் கொடுப்பவர். பள்ளிவாசலுக்கு அவர் தரும் சந்தாவில்தான் நம் சம்பளத்தின் ஒரு பகுதியும் வருகிறது. "நீங்கள் வேலை செய்பவர்தானே, பாவம் விற்பவரைச் சேர்ந்தது" என்று சொல்லி இளைஞரை அனுப்பிவிட நம் மனம் ஒரு கணம் விரும்பியது. பிறர் குறையை மறைப்பதைப் பற்றிப் பேச வந்த இடத்தில் நம் குறையை நாமே மெழுகிவிடப் பார்த்தோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

எவரையும் சுட்டிக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்தக் கேள்வி கார்க் கடையோடு நின்றுவிடும் கேள்வி அல்ல என்பதால் எழுதுகிறோம்.

மெருகேற்றுவது தவறா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு பொருளை அழகாக வைத்துக்கொள்வதை மார்க்கம் வெறுக்கவில்லை. தம் ஆடையும் காலணியும் அழகாக இருப்பதை ஒருவர் விரும்புகிறாரே, அது பெருமையாகுமா என்று நபித்தோழர்கள் கேட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கம் தந்தார்கள். சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் தெளிவாக்கினார்கள். இதை இப்னு மஸ்வூத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் (முஸ்லிம்) காண்கிறோம்.

கையால் பாலிஷ் போடுவது பொறுமையும் அறிவும் வேண்டிய தொழில். அந்த இளைஞர் சொல்லித்தான் நமக்கே அதன் நுட்பம் தெரிந்தது. இக்காலக் கார்களில் இரும்புத் தகட்டின் மேல் முதலில் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. இந்த மேல்பூச்சின் கனம் ஏறக்குறைய 50 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் 20-இல் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் கனமே பெரும்பாலும் இதைவிட அதிகம். வண்டி மங்கித் தெரிவதற்குக் காரணம், அந்தப் பூச்சில் விழுந்த நுண்ணிய கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதுதான். காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும்போது பூச்சின் மேற்பகுதி மிகச் சிறிதளவு தேய்ந்து சமமாகிறது, ஒளி சிதறாமல் திரும்புகிறது, பளபளப்புத் தோன்றுகிறது. அளவுக்கு மீறித் தேய்த்தால் பூச்சே போய்விடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே நல்ல தொழிலாளி முதலில் வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார். மணல் துகள் ஒன்று இருந்தாலும் தேய்க்கும் துணியே கீறிவிடும். வெயிலில் தேய்ப்பதில்லை, நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பின்னரே தொடுகிறார். சிறிது சிறிதாக, ஒரு முழ இடத்தை முடித்த பின் அடுத்த முழம். துணி தப்பித் தரையில் விழுந்துவிட்டால் அதை மீண்டும் வண்டியின் மேல் வைப்பதில்லை. யாரும் பார்க்காதபோதும் அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு வேறு துணி எடுப்பவர், செய்யும் செயலைச் செம்மையாகச் செய்தல் என்னும் இஹ்ஸானைத் தம் தொழிலில் பேணுகிறார் என்றே சொல்வோம். இந்தக் கைக்குக் கிடைக்கும் கூலி ஹலாலானது, பரக்கத்துக்குரியது.

அதே கை, அதே துணி, அதே பளபளப்பு. ஆனால் கழுவப்பட்டது சேற்றுக்கோடு எனில், அப்போது என்ன சொல்வது?

"வெள்ளம் வந்தது என் குற்றமா?"

இரண்டு நாள் கழித்து அந்த உரிமையாளரைத் தனியே சந்தித்தோம். நஸீஹத்தைப் பலர் முன்னால் சொல்வது அவமதிப்பாகிவிடும் அல்லவா? அவர் நம்மை மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். பேச்சை எடுத்ததும் முகம் மாறினார்.

"வாங்குறவர் கண்ணால பார்த்து, ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குறார், ஹஜ்ரத்? வெள்ளம் வந்தது என் குற்றமா?" என்று கேட்டார்.

அவர் அறியாமலே பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டார். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று அவர் சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். (அறிவிப்பவர்: அபூஹுரைரா (ரலி), நூல்: முஸ்லிம்.)

இந்த நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் மழைக்காக அவரைக் கண்டிக்கவில்லை. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. மேலே வை என்றுதான் சொன்னார்கள். நனைந்த தானியத்தை அறிந்தே வாங்குபவர் இருக்கலாம்; அதற்கேற்ற விலை கொடுப்பார். வெள்ளத்தில் நின்ற காரையும் அப்படியே. நஷ்டம் அல்லாஹ்வின் நாட்டப்படி வந்தது. அந்த நஷ்டத்தை அறியாத மற்றொருவரின் தலையில் அவருக்குத் தெரியாமல் ஏற்றிவிடுவது மட்டும் மனிதனின் செயல். விசாரணை இதற்குத்தான்.

எது அலங்காரம், எது மறைப்பு?

"அப்படியானால் விற்கும் முன் வண்டியைக் கழுவவே கூடாதா?" என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் முன்னோர்களான ஃபிக்ஹு அறிஞர்கள் இதை ஆராயாமல் விடவில்லை.

ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் விட்டு, மடி கனத்துத் தெரியும்படி செய்து விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது. மடியும் உண்மை, அதிலுள்ள பாலும் உண்மை. ஆனால் நாள்தோறும் இவ்வளவு பால் கிடைக்கும் என்ற எண்ணம் பொய். அந்தப் பொய்யை வாயால் சொல்லவில்லை; பொருளையே சொல்ல வைத்துவிட்டார் விற்பவர்.

ஹிஜ்ரீ 676-இல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதையொட்டிச் சில உதாரணங்கள் வருகின்றன. வாய்க்கால் நீரையோ, திரிகையைச் சுழற்றும் நீரையோ தேக்கி வைத்து, விற்கும் நேரத்தில் திறந்து விட்டுப் பெருவெள்ளமாகக் காட்டினால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. அடிமைகள் விற்கப்பட்ட அக்காலத்தில், நரைத்த முடியைக் கறுப்பாக்கிக் காட்டினாலும் அவ்வாறே. ஆனால் எழுத்து வேலை தெரிந்தவன் என்று தோன்றுவதற்காக அடிமையின் ஆடையில் மை தெளித்து வைத்தால், சரியான கருத்தின்படி அந்த உரிமை இல்லை. மைக்கறையைப் பார்த்து எழுத்தாளன் என்று முடிவு செய்தது வாங்கியவரின் அவசரமும் ஆகும். திருப்பிக் கொடுக்கும் உரிமை பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஏமாற்றுவது பாவம் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மை தெளித்தவர் சட்டத்தில் தப்பினாலும் மறுமையில் தப்பினார் என்று எந்தக் கிதாபும் கூறவில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் யாதெனில், ஒரு பொருளில் உண்மையாகவே இருக்கும் நலனை வெளியே கொண்டுவருவது அலங்காரம். இல்லாத நலனை இருப்பதாகவும் இருக்கும் குறையை இல்லாததாகவும் காட்டுவது மறைப்பு. தூசியைத் துடைத்தால் வண்டி தன் உண்மையான நிறத்தைக் காட்டுகிறது, இது ஆகும். வாசல் கதவில் பட்ட சிறு கீறலைத் தேய்த்துச் சமப்படுத்தினால் அது உண்மையாகவே சமமாகிவிடுகிறது; இதுவும் ஆகும். துருப்பிடித்த இடத்தைச் சுரண்டாமல், அதன் மேலேயே பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து, வாக்ஸ் தேய்ப்பது வேறு. இரண்டொரு மழைக்காலத்தில் அது கொப்புளமாகக் கிளம்பிவிடும் என்று செய்பவருக்கே தெரியும். வெள்ளம் புகுந்த வண்டியின் வயர் இணைப்புகள் உள்ளுக்குள் மெல்ல அரித்துக்கொண்டே வந்து, பல மாதம் கழித்து நடுச்சாலையில் அந்தக் குடும்பத்தைக் கைவிடக்கூடும். இங்கே மறைக்கப்படுவது வெறும் விலை மாத்திரமல்ல; இரண்டு பிள்ளைகளின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

சந்தேகம் வந்தால் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளலாம். நாம் எதற்காக இதைத் தேய்க்கிறோம் என்பதை வாங்குபவரின் எதிரிலேயே சொல்லிவிட்டுத் தேய்க்க முடியுமா? முடியுமானால் அது அலங்காரம். வாய் வரவில்லையானால், நம் கல்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

அறிந்தவர் பேச வேண்டுமா?

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். விற்றவர் அவரல்லர், விலை பேசியவர் அவரல்லர். ஆயினும் பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டாம் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். கார் தேய்ப்பது ஆகுமான வேலை. ஆதலால் அவருடைய முழுச் சம்பளமும் ஹராம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சேற்றுக்கோட்டை, அது என்னவென்று அறிந்தே கழுவிய அந்த வேலை உதவியில் சேரும். அதற்குத் தவ்பா வேண்டும். அந்த மூன்று நாள் கூலியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது பேணுதலுக்கு நெருக்கமானது என்றோம்.

அவர் விடவில்லை. "இனிமே செய்யாம இருந்தா போதுமா, ஹஜ்ரத்? அந்தக் குடும்பத்துக்கு யார் சொல்றது?" என்றார்.

அப்போது இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துக் காட்டும் ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகத்தை விற்றார். அங்கே நின்றிருந்த நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்களின் கவனம் வேறு பக்கம் இருந்ததால் வாங்கியவர் ஓட்டிச் சென்றுவிட்டார். உடனே வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே ஓடிக் கூவி அழைத்து, இதை அறுக்க வாங்கினீரா, பயணத்துக்கு வாங்கினீரா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஒரு துளை இருப்பதைத் தாம் கண்டதாகவும், தொடர்ந்து நடக்க அதனால் இயலாது என்றும் அறிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் வருந்தினார். குறையைச் சொல்லாமல் விற்பது எவருக்கும் ஆகாது. குறையை அறிந்தவர் அதைச் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதாக வாஸிலா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள்.

வாஸிலா (ரலி) அவர்கள் விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர். கண்டவர் மட்டுமே. கண்டதே கடமையாகிவிட்டது!

இதைச் சொன்னதும் இளைஞர், "சொல்லிட்டா என் வேலை போயிடுமே, ஹஜ்ரத். வீட்ல உம்மா இருக்காங்க" என்றார். போகாது என்று நாம் உறுதி கூறவில்லை. கூற முடியவும் இல்லை. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று மிம்பரிலிருந்து சொல்வது எளிது. மாதக் கடைசியில் வாடகை கொடுக்க வேண்டியவர் அதைக் கேட்பது எளிதல்ல. ஆகவே முதலில் உரிமையாளரே சொல்லிவிட ஒரு வாரம் தவணை கொடுக்கட்டும். அவர் சொல்லாவிட்டால் தாமே சொல்லட்டும் என்று மட்டும் கூறினோம். மேலே சொன்ன நமது சந்திப்பு அந்தத் தவணைக்குள் நடந்ததுதான்.

உரிமையாளர் யோசிப்பதாகச் சொன்னார். வாரம் கழிந்தது. இளைஞர் அந்தக் குடும்பத்தைத் தேடிச் சென்று உள்ளதைச் சொன்னார். கணவர் கடைக்கு வந்தார். வாக்குவாதத்துக்குப் பின் விலையில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர் வண்டியை வைத்துக்கொண்டு, வயர்களை முழுவதும் மாற்றிக்கொண்டார். இளைஞர் இப்போது அந்தக் கடையில் இல்லை. விடியற்காலையில் வாளியும் துணியுமாக வீடு வீடாகச் சென்று கார்களுக்குப் பாலிஷ் போடுகிறார். வருமானம் முன்னைவிடக் குறைவுதான். உரிமையாளரின் சந்தாவும் பள்ளிவாசலுக்கு இன்னும் வரவில்லை. அவருக்காக நாம் துஆ செய்கிறோம். அவர் கெட்டவர் அல்லர். எல்லோரும் செய்வதைச் செய்தார். அந்த "எல்லோரும்" என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது.

துரு எங்கே பிடிக்கிறது?

மனிதர்கள் செய்துவந்த செயல்களே அவர்களுடைய உள்ளங்களில் துருவாகப் படிந்துவிட்டன என்று திருமறையில் அல்லாஹ் அறிவிக்கிறான். இந்த வசனத்தைப் பலரும் அறிவோம். அது எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? அல்முதஃப்ஃபிஃபீன் என்னும் 83-ஆம் அத்தியாயத்தில்! அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களுக்குக் கேடு என்றுதான் அந்த அத்தியாயமே தொடங்குகிறது. கடைவீதியில் தொடங்கி, 14-ஆம் வசனத்தில் கல்பின் துருவுக்கு வந்து சேருகிறது. தராசுக்கும் உள்ளத்துக்கும் உள்ள தொடர்பு இதைவிடத் தெளிவாக வேறெங்கே கிடைக்கும்?

இந்தத் துருவை விளக்கும்போது நாயகம் (ஸல்) அவர்கள், அடியான் பாவம் செய்தால் அவனுடைய உள்ளத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுகிறது என்றும், அவன் விலகிப் பாவமன்னிப்புத் தேடித் திருந்தினால் உள்ளம் மெருகேற்றப்படுகிறது என்றும், மீண்டும் செய்தால் புள்ளி பெருகி உள்ளத்தை மூடிவிடுகிறது என்றும் கூறியதாகத் திர்மிதீயில் வருகிறது. இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதற்கு அரபியில் வழங்கும் அதே சொல்தான் இங்கும் வந்திருக்கிறது.

காரின் மீது போட்ட மறைப்பு மெருகு, போட்டவரின் கல்பில் துருவாக இறங்குகிறது. அந்தத் துருவின் மீதும் நாம் மெருகு பூசப் பார்க்கிறோம். கடையில் மறைத்துவிட்டு, நோன்புக் கஞ்சிக்குக் கொடுக்கிறோம். கடையில் மறைத்தவரைப் பற்றி வாய் திறக்காமல், மிம்பரில் வாய்மையைப் பற்றிப் பேசுகிறோம். சுரண்டாமல் வைத்த பட்டி எத்தனை நாள் நிற்கும்?

கழுவிய பின்னரே தேய்க்க வேண்டும் என்பது தொழிலாளியின் சட்டம். தவ்பாவின் சட்டமும் அதுவே. பாவத்தை விடுவது, வருந்துவது, மீளமாட்டேன் என உறுதி கொள்வது, இவற்றோடு அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டால் அதை உரியவரிடம் சேர்ப்பது. இந்த நான்காவதைச் செய்யாமல் தஸ்பீஹ் மணியை மட்டும் உருட்டுவது, துருவின் மேல் வாக்ஸ் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

நம் இல்லங்களிலும் இந்த மெருகு உண்டு. மழைக்கு ஒழுகும் சுவருக்கு வெள்ளையடித்து வீட்டை விற்கிறோம். பழுதான குளிர்பதனப் பெட்டியைத் துடைத்து வைத்து, நன்றாக ஓடுகிறது என்கிறோம். மாப்பிள்ளையின் நோயையோ கடனையோ மறைத்து நிக்காஹ் பேசுகிறோம். பெண் வீட்டாரும் அவ்வாறே செய்கிறார்கள். பிறகு பரக்கத் இல்லையே என்று ஏங்குகிறோம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு அல்லவா? (நூல்கள்: புகாரீ, முஸ்லிம்.)

ஆகவே, விற்பதற்காக ஒரு பொருளைத் துடைக்கத் துணியைக் கையில் எடுக்கும்போது, அதன் குறை ஒன்றையும் வாயில் எடுத்துக்கொள்வோம். நனைந்ததை மேலே வைப்போம்.

வல்ல ரஹ்மான் நம் கைகளின் உழைப்பை ஹலாலாக்கி, நம் கல்புகளின் துருவை நீக்கி, மறைத்ததை வெளியிடும் துணிவை நமக்கும் நம் வியாபாரிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.